கோடையில் ஹேமக் கேம்பிங்: போர்வை இருந்தும் முதுகு நடுங்குவது ஏன்?

மே மாதம். மட்டாஞ்சேரியில் இரவு பத்து மணிக்கும் ஃபேன் காற்று சூடாகத்தான் இறங்குகிறது. பஜார் ரோடு பக்கம் வாடகைக்கு ரூம், காக்கநாட்டில் ஆபீஸ், வார இறுதிக்கு மூணாறு பக்கம் போகலாம் என்று நாலு பேர் முடிவு பண்ணியாச்சு. ஆன்லைனில் வாங்கிய நைலான் ஹேமக் உள்ளங்கை அளவு பைக்குள் மடிந்து கிடக்கிறது. ‘சம்மர்தானே, ஒரு பெட்ஷீட் போதும்’ என்று யாராவது ஒருவர் சொல்வார். வேர்த்துக் கொட்டும்போது கம்பளியைப் பற்றி யோசிக்க யாருக்குத் தோன்றும்?

அதிகாலை இரண்டு மணிக்கு அந்த நாலு பேரும் ஹேமக்கை விட்டு இறங்கி, காருக்குள் கைகளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலே போர்த்தியது நன்றாகத்தான் இருந்தது. முதுகும் தொடையும் மட்டும் ஐஸ் பெட்டி மேல் படுத்த மாதிரி ஜில்லென்று இருக்கும். ஹேமக்கில் புதிதாகப் படுக்கிறவர்களில் பெரும்பாலானோர் படும் முதல் அடி இதுதான். கோடையில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் கோடையில் யாரும் இதற்குத் தயாராகப் போவதில்லை.

நீங்கள் தயாராகப் போகவேண்டும் என்பதற்காக இந்தக் கட்டுரை. கூடவே ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடலாம்: மலையில் கோடை என்பது காட்டுத்தீ காலமும்கூட. குளிர்ந்தால் தீ மூட்டிக்கொள்ளலாம் என்ற வழி உங்களுக்குக் கிடையாது. அடியில் என்ன போட்டுப் படுக்கிறீர்கள் என்பதுதான் அந்த இரவைத் தீர்மானிக்கும்.

கொச்சியிலிருந்து ஏறினால் எவ்வளவு குளிரும்?

சுலபமான கணக்கு ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏறும்போதும் காற்றின் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மட்டாஞ்சேரி கிட்டத்தட்ட கடல் மட்டத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே இரவுகளில் இங்கே 25, 26 டிகிரியிலேயே நிற்கும். தேசிய நெடுஞ்சாலை 85-ல் ஏறி, அடிமாலி வழியாக மூணாறு போனால் உயரம் சுமார் 1,500 மீட்டர். பத்து டிகிரி போச்சு. மீதி பதினாறு. வாகமண் சுமார் 1,100 மீட்டர்தான், அங்கே கொஞ்சம் கருணை உண்டு. மீசைப்புலிமலை உச்சி 2,640 மீட்டர். கணக்குப்படி பதினேழு டிகிரி கழித்தால் மிஞ்சுவது ஒற்றை இலக்கம்.

இது கணக்கு மட்டும்தான். மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிரும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால் ஓடைக்கரையில், பள்ளத்தாக்கின் அடியில் ‘என்ன அழகு!’ என்று கட்டிய ஹேமக், ஐம்பது மீட்டர் மேலே சரிவில் கட்டியதைவிட அதிகம் குளிரும். முகடும் வேண்டாம், அங்கே காற்று பிய்த்துக்கொண்டு போகும். சரிவின் நடுப்பகுதி, காற்றுக்கு மறைவான பக்கம்: அதுதான் நல்ல இடம்.

இப்போது முக்கியமான எண்ணைப் பாருங்கள். நம் தோலின் வெப்பம் சுமார் 33 டிகிரி. ஹேமக்கில் பழகியவர்கள் அனுபவத்தில் சொல்வது, சுற்றிலும் உள்ள காற்று 20, 21 டிகிரிக்குக் கீழே போனாலே அடிமுதுகில் குளிர் தெரிய ஆரம்பிக்கும் என்பது. தரையில் மேட் போட்டுப் படுத்தால் சுகமாகத் தூங்கும் அதே வெப்பநிலை, ஹேமக்கில் தூங்கவிடாது.

முதுகு மட்டும் ஏன்?

போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அதன் இழைகளுக்கு இடையே அசையாமல் சிக்கியிருக்கும் காற்றுதான் நம் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. ஸ்லீப்பிங் பேக், கம்பளி, ரஜாய், எல்லாமே காற்றைப் பிடித்துவைக்கும் பைகள்தான். ஆளின் எடை அமுக்கும் இடத்தில் அந்தக் காற்று வெளியேறிவிடும். ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைந்து ஹேமக்கில் படுத்தீர்கள் என்றால், மேலே மூன்று விரல் தடிமன். அடியில் தாள் போல ஒரு படலம். அந்தப் படலத்துக்குக் கீழே நைலான். நைலானுக்குக் கீழே வெறும் காற்று, அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும் காற்று. நீங்கள் சூடாக்கிய காற்றை அது அள்ளிக்கொண்டு போக, புதிய குளிர்காற்று வந்து உட்காரும். இரவு முழுக்க இதேதான்.

மட்டாஞ்சேரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது ரொம்ப எளிது. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் சுக்கு, மிளகு மூட்டைகளைத் தரையில் அப்படியே போடமாட்டார்கள். மரச் சட்டங்களை அடியில் கொடுத்து அடுக்குவார்கள். கீழே காற்று ஓடினால் ஈரம் ஏறாது, சரக்கு கெடாது. உங்கள் ஹேமக்கும் அதே ஏற்பாடுதான். சுக்குக்கு நல்லது செய்கிற காற்று, உங்கள் முதுகுக்கு வினை.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதன் மேல் ‘கம்ஃபர்ட் 10 டிகிரி’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தர விதிப்படி, வெப்பமூட்டிய பொம்மையைப் பைக்குள் படுக்கவைத்துச் சோதித்துக் கணக்கிடும் எண் அது. அந்தப் பொம்மைக்கு அடியில் ஒரு மேட் இருக்கும். அதாவது, மேட் இல்லாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஹேமக்கில் வெறுமனே ஸ்லீப்பிங் பேக்கோடு படுத்துவிட்டு ‘கம்பெனி ஏமாத்திட்டான்’ என்று ரிவ்யூ எழுதுகிறவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

நம் வீட்டுத் தூளி வேறு எதற்கு? பழைய சேலையில் தூளி கட்டி, குழந்தையைப் போடுவதற்கு முன் பாட்டி அடியில் ஒரு துணியை நாலாக மடித்து வைப்பார். ஈரத்துக்கும் ஆகும், அடியிலிருந்து ஏறும் குளிருக்கும் ஆகும். ஐரோப்பியக் கப்பல்களில் ஹேமக்கில் தூங்கிய மாலுமிகளும் உள்ளே மெல்லிய மெத்தை ஒன்றைப் போட்டுத்தான் படுத்தார்கள். காலையில் மெத்தையோடு சேர்த்துச் சுருட்டிக் கட்டிவைப்பது கப்பல் வழக்கம். கேம்பிங் கடைக்கார்கள் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை.

அடியில் என்ன போடுவது?

சிக்கனமான வழி ஃபோம் மேட். டெகாத்லான் போன்ற கடைகளில் சுருட்டி வைத்திருக்கும் சாதாரண ஃபோம் மேட் போதும். அமுக்கினாலும் அதற்குள் உள்ள காற்றுக் குமிழ்கள் உடையாது என்பதுதான் அதன் சிறப்பு. மேட்டின் தடுக்கும் திறனை ஆர்-வேல்யூ என்ற எண்ணால் குறிப்பார்கள். 2018-ல் இதற்கு ஏ.எஸ்.டி.எம். பொதுவான சோதனை முறை ஒன்றைக் கொண்டுவந்ததால், வெவ்வேறு கம்பெனி மேட்களை இப்போது ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. கோடையில் மூணாறு உயரத்துக்கு ஆர்-வேல்யூ 2 இருந்தால் பெரும்பாலானவர்களுக்குச் சமாளிக்கும். வீட்டில் இருக்கும் யோகா மேட்? ஒன்றும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். எடைதான் கொஞ்சம் கூடுதல்.

மேட்டில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, வழுக்கும். இரட்டை அடுக்கு ஹேமக் என்றால் இரண்டு துணிகளுக்கு நடுவே மேட்டைச் செருகிவிடலாம், பிரச்சினை தீர்ந்தது. ஒற்றை அடுக்கு என்றால் இரவில் நாலு முறை எழுந்து சரிசெய்ய வேண்டும், இதில் ஒளிவு மறைவு இல்லை. இரண்டாவது, அகலம். ஹேமக் உங்களைப் பக்கவாட்டில் சுற்றிப் பிடிக்கும். தரையில் மேலே பார்த்திருக்கும் தோள்பட்டை, இங்கே துணியில் அழுந்தி நிற்கும். ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் அகல மேட் அங்கே எட்டாது. இன்னொரு துண்டு ஃபோமை வெட்டி, தோள் வரும் இடத்தில் குறுக்காகப் போடுங்கள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி இருக்கும். தோளும் முழங்கையும் இனிப் பிழைக்கும்.

காரின் முன் கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் பளபள ஷேடு இருக்கிறதே, பலர் அதையே மேட்டாகப் போட்டுக்கொள்கிறார்கள். குமிழ் வைத்த தடிமனான ரகம் என்றால் பரவாயில்லை. ஆனால் அது காற்றையும் ஈரத்தையும் துளிகூட வெளியே விடாது. கேரள ஈரக்காற்றில் முதுகு வேர்த்து, அந்த வேர்வை ஷேடு மேலேயே நின்று, விடியும்போது நனைந்த சட்டையோடு எழுந்திருப்பீர்கள். ஷேடுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு மெல்லிய துணி அவசியம். பாலித்தீன் தாள் போல இருக்கும் எமர்ஜென்சி பிளாங்கெட்டும் இதே ரகம்.

சொகுசான வழி அண்டர்குயில்ட். கீழ்ப்போர்வை என்று வைத்துக்கொள்வோம். இதை ஹேமக்குக்கு உள்ளே போடுவதில்லை. வெளியே, அடியில், எலாஸ்டிக் கயிற்றில் தொங்கவிடுவது. உங்கள் எடை அதன் மேல் விழாததால் உள்ளே உள்ள காற்று அமுங்காது. உடம்பின் வளைவோடு சேர்ந்து தொட்டில் மாதிரி பிடித்துக்கொள்ளும். வழுக்காது, வேர்க்காது. ஒருமுறை அதில் தூங்கியவர்கள் மேட்டுக்குத் திரும்பமாட்டார்கள். விலைதான் இடிக்கும்.

வாங்கியவர்களும் சொதப்பும் இடம் ஒன்று இருக்கிறது: தொங்கவிடும் அளவு. தளர்வாகக் கட்டினால் ஹேமக்குக்கும் குயில்ட்டுக்கும் நடுவே இடைவெளி விழும், அதில் காற்று புகுந்து விளையாடும். இழுத்துக் கட்டினால் குயில்ட் அமுங்கிப்போகும், திரும்பவும் பழைய கதை. நீங்கள் படுத்துக்கொண்டு நண்பரை அடியில் கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதுகுக்கு நேர் கீழே குயில்ட் லேசாகத் தொட்டுக்கொண்டும், அதே நேரம் பஞ்சு உப்பியபடியும் இருக்கவேண்டும். இரண்டு முனைகளிலும் உள்ள சுருக்குக் கயிற்றை இழுத்து மூடவேண்டும். அதை மறந்தால் இது ஒரு நீளமான புகைபோக்கி.

காசு செலவழிக்காமல் கீழ்ப்போர்வை வேண்டும் என்றால், பழைய ஸ்லீப்பிங் பேக்கையே அடியில் தொங்கவிடலாம். முழுவதும் ஜிப்பைத் திறந்து விரித்து, நாலு மூலையிலும் சின்னக் கூழாங்கல்லைத் துணியோடு சேர்த்துச் சுற்றி, அந்த முடிச்சில் கயிறு கட்டி, ஹேமக்கின் இரு முனைகளோடு இணைக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்காது. வேலை செய்யும்.

பஞ்சு விஷயத்தில் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள். வாத்து இறகு அடைத்த டவுன் ரகம் எடை குறைவு, சூடு அதிகம். நனைந்தால் சப்பென்று ஒட்டிப்போகும். மேற்குத்தொடர்ச்சி மலையின் மூடுபனிக்கும், ஏப்ரல், மே மழைக்கும், கொச்சி அலமாரியின் பூஞ்சைக்கும் செயற்கைப் பஞ்சுதான் சரி என்பது என் கருத்து. எடை கொஞ்சம் கூடுதலாகட்டும்.

மேலே என்ன போர்த்துவது, என்ன உடுத்துவது?

இது சின்ன விஷயம். அடியில் சரியாக இருந்தால் மேலே ஒரு லேசான போர்வையே போதும், கோடையில் அதை இடுப்புவரை இறக்கிவிட்டும் படுக்கலாம்.

உடுப்பில் மட்டும் ஒரு தவறு எல்லோரும் செய்கிறார்கள். மலையேறி வேர்த்த அதே காட்டன் டி-ஷர்ட்டோடு படுத்துவிடுவது. ஈரமான பருத்தி சூட்டைப் பிடித்துவைக்காது, உறிஞ்சிக்கொள்ளும், காயவும் காயாது. தூங்குவதற்கென்று ஒரு செட் உலர்ந்த துணியைப் பிளாஸ்டிக் கவரில் கட்டித் தனியாக வைத்திருங்கள். சாக்ஸ், காதை மூடும் குல்லா இரண்டும் சேர்த்து. மூணாறு எஸ்டேட் லயங்களில் வாழும் நம் ஆட்களிடம் கேட்டால் மே மாதத்திலும் குல்லாவைக் கழற்றாத பெரியவர்களைக் காட்டுவார்கள்.

படுக்கும் முன் ஏதாவது சாப்பிடுங்கள். உடம்புக்கு எரிக்க விறகு வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். ஒற்றைச் சுவர் ஸ்டீல் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, இறுக மூடி, சாக்ஸுக்குள் போட்டுத் தொடைகளுக்கு இடையே வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். ஃப்ளாஸ்க் செட் ஆகாது, அது சூட்டை வெளியே விடாமல் தடுக்கத்தானே செய்யப்பட்டது!

மது? சூடாக இருக்கிற மாதிரி தோன்றும். தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் விரிவதால் வரும் தோற்றம் அது. உண்மையில் உள்ளே இருக்கும் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அதற்குப் பெயர் ஹைபோதெர்மியா. அதற்குப் பனிமலை தேவையில்லை. பத்து டிகிரி, ஈரத்துணி, காற்று மூன்றும் சேர்ந்தாலே போதும். நண்பர் நடுங்குகிறார், பேச்சு குழறுகிறது, ஜிப்பைக்கூடப் போட முடியாமல் தடுமாறுகிறார் என்றால் போதையென்று விட்டுவிடாதீர்கள். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, காற்றில்லாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். பேச்சு தெளிவாகி நினைவோடு இருந்தால் இனிப்பாக, சூடாகக் குடிக்கக் கொடுங்கள். நினைவு மங்கினால் உடனே 108. காரில் ஏறி ஹீட்டர் போடுவதென்றால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், இன்ஜினை ஓடவிட்டுத் தூங்கவே கூடாது.

குளிர்ந்தால் தீ மூட்டலாமே?

கூடாது. காரணத்தைத் தமிழர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்தார்கள். சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் வார இறுதிக்கு வந்தவர்கள், பலர் உங்கள் வயதுக்காரர்கள், ஐ.டி. வேலையில் இருந்தவர்கள். கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தபோது தீ சூழ்ந்தது. மூணாறிலிருந்து சூரியநெல்லி வழியாக ஜீப்பில் போய் நீங்கள் சூரிய உதயம் பார்க்கும் அதே கொழுக்குமலைதான். மலையின் இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. புல்லுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிப்ரவரியிலிருந்து மழை பிடிக்கும்வரை அந்தப் புல்வெளிகள் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். குரங்கணிக்குப் பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தொடங்கியபோதும், மறு ஆண்டே காட்டுத்தீ காலத்தை முன்னிட்டு பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை பாதைகளை மூடினார்கள். கேரளத்திலும் தீ அபாயம் உள்ள வாரங்களில் வனத்துறை மலைப் பாதைகளை மூடுவது வழக்கம். கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கேம்ப் நடத்துகிறவர் ‘கேம்ப்ஃபயர் பேக்கேஜில் இருக்கு சார்’ என்று சொன்னாலும், காய்ந்த புல்வெளி ஓரம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தீயின் முன்னால் உட்கார்ந்தால் மார்பு சுடும், முதுகு குளிரும். எழுந்து போய்ப் படுத்தால் கால் மணி நேரத்தில் அதுவும் போய்விடும். அந்தக் காசில் ஒரு ஃபோம் மேட் வாங்கலாம்.

எங்கே கட்டலாம், எங்கே கூடாது?

காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எதிலும் அனுமதியின்றி நுழைந்து இரவு தங்குவது குற்றம். மீசைப்புலிமலைக்குக் கேரள வன மேம்பாட்டுக் கழகம் மூலமாகப் பதிவு செய்துதான் போகமுடியும். தனியார் கேம்ப் என்றால் ஹேமக் கட்ட அனுமதி உண்டா, இரவில் காவல் உண்டா, யானை நடமாட்டம் எப்படி என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவது கேள்வி விளையாட்டில்லை. சின்னக்கானல், சூரியநெல்லி யானைகள் நடமாடும் பகுதி. அரிக்கொம்பனை 2023 ஏப்ரலில் பிடித்துக்கொண்டுபோனது சின்னக்கானலிலிருந்துதான். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ரிசார்ட் ஒன்றின் கூடாரத்தில் தங்கிய பெண் சுற்றுலாப் பயணி யானை தாக்கி இறந்தார். கூடாரத் துணியே தடுக்காதபோது ஹேமக் எம்மாத்திரம்?

மரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். தேங்காய் விழும் என்பதால் தென்னைக்கு அடியில் கூடாது. பால் வெட்டும் ரப்பர் மரத்தில் கட்டினால் தோட்டக்காரர் உங்களை வெட்டுவார். யூகலிப்டஸ் கிளை எந்த நேரமும் முறியும். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் உறுதியானது, ஆனால் அது எஸ்டேட்டுக்குச் சொந்தம், கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கயிறு பட்டையை அறுக்கும், இரண்டு விரல் அகலமாவது உள்ள நாடா பயன்படுத்துங்கள்.

இழுத்துக் கட்டினால் சமமாகப் படுக்கலாம் என்பது தவறான எண்ணம். நாடா கிடைமட்டத்துக்கு 30 டிகிரி சாய்வில் இருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்க நாடாவிலும் 70 கிலோ இழுவை வரும். 10 டிகிரிக்கு இழுத்துவிட்டால் அதே ஆளுக்கு ஒரு பக்கம் மட்டும் சுமார் 200 கிலோ. நாடா தாங்கினாலும் துணி தோளை நெருக்கும், கீழ்ப்போர்வையும் சரியாக ஒட்டாது. நன்றாகத் தொய்வு விட்டு, நாற்காலி உயரத்தில் கட்டி, நேராகப் படுக்காமல் மூலைக்கு மூலை கொஞ்சம் கோணலாகப் படுங்கள். வாழைப்பழம் மாதிரி வளையாமல் முதுகு நிமிர்ந்து கிடக்கும்.

மேலே ஒரு தார்ப்பாயும் வேண்டும். மழைக்கு மட்டுமல்ல, காற்றுக்கும். காற்று வரும் பக்கத்தைத் தாழ்வாக இறக்கிக் கட்டினால் அடிக்குளிர் பாதி குறையும். ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் மேகம் திரண்டு இடியோடு மழை கொட்டுவது கேரளத்தில் வழக்கம். பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை மின்னல் குறித்து எச்சரிக்கையாக இருக்கும்படி மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் சொல்கிறது. ஹேமக் என்பது இரண்டு மரங்களுக்கு நடுவே படுப்பது, மின்னலுக்கு அதைவிட மோசமான இடம் கிடையாது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கட்டடத்துக்கோ காருக்கோ போங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத் திரும்பலாம்.

மலைக்குப் போகவில்லை, கொச்சியிலேயே கட்டினால்?

செராய் கடற்கரைப் பக்கமோ கும்பளங்கி ஹோம்ஸ்டேயிலோ, உங்கள் மொட்டைமாடியிலோ கட்டுகிறீர்கள் என்றால் எல்லாம் தலைகீழ். அடியில் ஓடும் காற்றுதான் அங்கே வரம். மெத்தையில் முதுகு வேர்க்கும் இரவில் ஹேமக்கில் வேர்வை காய்ந்துகொண்டே இருக்கும். வலைபோலப் பின்னிய பருத்தி ஹேமக் என்றால் இன்னும் சுகம்.

ஆனால் கொச்சி கொசு! மேலே வலை கட்டிவிட்டு நிம்மதியாகப் படுப்பீர்கள்; அடியில் மெல்லிய நைலானை ஊடுருவி அது முதுகில் கடிக்கும். சுற்றிலும் முழுவதுமாக மூடும் வலை வாங்குங்கள், அடிப்பக்கம் உடம்பில் ஒட்டாமல் தொங்கவேண்டும். இல்லாவிட்டால் குளிருக்கு வாங்கிய அதே ஃபோம் மேட்டை இங்கே கொசுவுக்குப் போடுங்கள். கொஞ்சம் வேர்க்கும், டெங்குவுக்கு அது பரவாயில்லை.

மலைக்குப் போகும் முன் ஒத்திகை பார்க்கவும் வழி இருக்கிறது. உறுதியான ஹேமக் ஸ்டாண்டு கிடைத்தால் ஏசி அறையில் வைத்து, 18 டிகிரி போட்டு, டேபிள் ஃபேனை ஹேமக்கின் அடிப்பக்கம் திருப்பிவிட்டு அரை மணி நேரம் படுத்துப்பாருங்கள். எங்கே இடைவெளி, எங்கே தோள் வெளியே நிற்கிறது என்று மூணாறு சொல்லும் முன் உங்கள் முதுகு சொல்லிவிடும். ஸ்டாண்டு இல்லையென்று பழைய வீட்டு ஊஞ்சல் கொக்கியில் மாட்டாதீர்கள். அது நேர் கீழே இழுக்கும் எடைக்குப் போட்டது. ஹேமக் பக்கவாட்டில் இழுக்கும்.

திரும்பி வந்த பிறகு

ஞாயிறு இரவு களைப்பில் குயில்ட்டை அப்படியே அமுக்கிப் பைக்குள் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவீர்கள். ஒரு மாதத்தில் நாற்றம் வரும். ஜூனில் பருவமழை வந்தால் பூஞ்சையும் வரும். அமுங்கியே கிடந்த பஞ்சு மறுபடி பழையபடி உப்பாது. நிழலில், காற்றோட்டமாக ஒரு நாள் விரித்துப்போட்டு, பெரிய தலையணை உறை மாதிரி தளர்வான பையில் வையுங்கள்.

துவைக்க வேண்டியிருந்தால் லேசான சோப்பு, குளிர்ந்த நீர், முறுக்கிப் பிழியக்கூடாது. ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கம் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறைகளாக நடத்திவரும் தோபி கானாவைப் பார்த்திருக்கிறீர்களா? கிளிப்பே இல்லாமல், இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி நுனியைச் செருகித் தொங்கவிட்டிருப்பார்கள். பெட்ஷீட்டுக்கு அது அருமை. பஞ்சு வைத்த குயில்ட்டை அப்படித் தொங்கவிட்டால் தண்ணீர்ப் பாரத்தில் பஞ்சு ஒரே மூலையில் இறங்கிவிடும். அதைக் கொடியில் போடாமல், பாய் விரித்துப் படுக்கவைத்து, அவ்வப்போது தட்டித் திருப்பிப்போட்டுக் காயவைக்க வேண்டும். கொச்சியின் ஈரத்தில் முழுவதும் காய இரண்டு நாள் ஆகலாம்.